திணை மயக்கம்

தார்த்து நகரில் ஜனவரி.
காலை எட்டரை ஆகியும் விடியவில்லை.
இரண்டாம் தளம், நான்காம் அறுவை அரங்கம்.
ரேலிகாவுக்கு இன்று ஒரே வேலைதான்:
ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருப்பது.

கை ஹெல்டுருடையது.
பேருந்துப் பணிமனையில்
முப்பத்தோரு வருடம் ஸ்பேனர் பிடித்த கை.
எந்தச் சோப்புக்கும் மசியாத கிரீஸ்
நகக்கண்களில் கறுப்புப் பிறையாய்.
பித்தப்பையில் கல், எடுத்துவிடுவார்கள்.
"பஸ்ஸும் இப்படித்தான்," என்றார்.
"எங்கே வலிக்குதுன்னு அதுவா சொல்லாது.
நாமதான் காது வச்சுக் கேக்கணும்."

தசையைத் தளர்த்தும் மருந்து
உடலெங்கும் பாயும்,
வலக்கைக்கு மட்டும் போகாது.
முழங்கைக்குக் கீழே காற்றடைத்த பட்டை
இறக்கிய மதகாய் இறுகி நிற்கிறது.
மற்றெல்லாம் அடங்கியபின்
அந்தக் கை பேசலாம்,
பேசுவதற்கு உள்ளே யாராவது இருந்தால்.

உர்வே ஊசியை அழுத்த
பால்வெள்ளை மருந்து குழாயில் இறங்கியது.
கியர்பெட்டியைப் பற்றிய ஒரு வாக்கியம்
பாதியில் நின்றது.
தொண்டைக்குள் குழாய் போனது.
திரையில் எண் நாற்பத்திரண்டு.
நாற்பத்திரண்டு என்றால் ஆள் இல்லை என்று பொருள்.
இயந்திரத்தோடு வந்த கையேட்டில்
ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருக்கிறது.

ரேலிகா காதருகே குனிந்தாள்.
"ஹெல்டுர், நான் ரேலிகா.
கேட்கிறதென்றால் என் விரலை அழுத்துங்கள்."

ஒன்றுமில்லை.

இதற்கு முன் பதினேழு பேர்.
பதினேழு பேரிடமும் ஒன்றுமில்லை.
அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.

ஒரு நிமிடம் விட்டு மறுபடி கேட்டாள்.

அழுத்தியது.

அழுத்தியது என்று எழுதிவிட்டேன்.
அழுத்தினார் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?
கையா, ஹெல்டுரா?
உலகத்தையே உயர்திணை அஃறிணை என்று
பங்கு போட்டுவைத்த மொழியில்
இந்த ஒரு வினைக்கு விகுதி அகப்படாமல்
நிற்கிறேன்.
ரேலிகாவின் எஸ்தோனிய மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் அதற்கும்
வினைமுடிவு ஒன்றே.
என்னைவிட அவள் பாடு சுலபம்.
ஆனாலும் அவளும்
மூச்சை எடுத்து விட மறந்துதான் நின்றாள்.

"வலிக்கிறதென்றால் இரண்டு முறை."

கத்தி தட்டிலேயே இருந்தது.
சுவாசக் கருவி மட்டும்
அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஒன்று.

இரண்டாவது வந்ததா,
தன் விரலில் துடித்த தன் நாடிதானா,
அவளால் சத்தியம் செய்ய முடியாது.
உர்வே அதற்காகக் காத்திருக்கவில்லை.
சந்தேகத்தின் பலன் நோயாளிக்கு.
மருந்து கூடியது, எண் முப்பத்தெட்டு.
மறுபடி கேட்டபோது
அவள் பிடித்திருந்தது வெறும் கை,
வெதுவெதுப்பாய், கனமாய்.

மூன்றரை மணிக்கெல்லாம்
ஜன்னலில் வெளிச்சம் சரிந்துவிட்டது.
தூங்குமுன் கடைசியாக என்ன நினைவு?
"கியர்பெட்டி."
விழித்ததும் முதலில்?
"உங்க மூக்குக்கண்ணாடி."
நடுவில்?
"நடுவுல என்ன இருக்கும்!"
சிரித்தார். தையல் இழுத்தது, நிறுத்திக்கொண்டார்.

பதிலளித்தார்: ஆம்.
நினைவிருக்கிறது: இல்லை.
இரண்டு கட்டங்களுக்கும் நடுவே
அரை அங்குல வெள்ளைத் தாள்.
அந்த இடத்தில் ஒருவர் இருந்திருக்கிறார்,
கூப்பிட்டதற்குப் பதில் கொடுத்திருக்கிறார்.
அவரைத் தெரிந்தவள்
இந்த உலகத்தில் ரேலிகா ஒருத்திதான்.
ஹெல்டுருக்குக்கூட அவரைத் தெரியாது.

அவராகக் கேட்டால் சொல்லலாம் என்பது விதி.
அவர் கேட்கவில்லை.
சாப்பாடு எப்போது வரும் என்று கேட்டார்,
கறுப்பு ரொட்டி கிடைக்குமா என்று கேட்டார்.

விடைபெறக் கை நீட்டினார், வலக்கை.
நல்ல அழுத்தம், பணிமனை அழுத்தம்.
அவள் விடுவதற்குச் சற்றுத் தாமதமானது.

"உங்க கை ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு?"
என்றார்.

"கையுறையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்," என்றாள்.