கெங்கரை – 41

எல்லாருக்கும் ஒரே ஓட்டமாக எண் போடு என்றார் முதலாளி,
ஒன்றிலிருந்து லட்சம் வரை.
எந்த ஊர் இலையானாலும்
ஒரே தொட்டியில்தானே வாடுகிறது?

நான் கேட்கவில்லை.
ஒரசோலைக்கு ஒரு ஒன்று.
நெடுகுளாவுக்கு ஒரு ஒன்று.
கெங்கரைக்கு அதன் சொந்த ஒன்று.
ஐப்பசி பிறந்த காலையில்
ஒவ்வொரு ஊரிலும் யாராவது முதல் ஆளாக இருக்கட்டுமே என்று
இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒரு சாவி செய்தேன்:
ஊர், வரிசை.

வெறும் 41 என்றால் யாருமில்லை.
வெறும் கெங்கரை என்றால்
ஒரு ரேஷன் கடை, திரும்ப இடமில்லாமல்
பின்னாலேயே வரும் பஸ், நிறைய வீடுகள்.
இரண்டையும் சேர்த்துச் சொன்னால்
தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு
ஒருத்தி ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள்.

வரிசை எண்ணை நான் தட்டுவதில்லை.
ஊரைச் சொன்னால் போதும்.
அந்த ஊரில் இருப்பதிலேயே பெரியது எது என்று
அட்டவணை பார்க்கும், ஒன்று கூட்டும்.
நேற்று என்ன இருந்தது என்பதல்ல,
இப்போது என்ன இருக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் எழுதினேன்.

ஐந்தாம் நாள், விடாத மழை.
சிவயோகம், இருபத்துமூன்று கிலோ, கெங்கரை 41.
சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகுதான்
நீர்க்கழிவு விட்டுப்போனது கண்ணில் பட்டது.
அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்று அழித்தேன்.
அதற்குள் வேன் ஹாரன்,
அடுத்த மூட்டை தராசில்.
நஞ்சியம்மாள், முப்பத்தொன்று.
அட்டவணை பார்த்தது: கெங்கரையில் பெரியது 40.
கூட்டியது.

சனிக்கிழமை பட்டுவாடாவில்
இரண்டு கைகள், இரண்டு சீட்டுகள்,
ஒரே ஊர், ஒரே எண்.
திரை நஞ்சியம்மாள் என்றது.
திரையை எல்லாரும் நம்பினார்கள்.
யாரும் திட்டவில்லை, சும்மா பார்த்தார்கள்.
சிவயோகமே ஒரு கணம்
தன் சீட்டைத் திருப்பி
பின்பக்கம் பார்த்தாள்.

நாற்காலியிலிருந்து நான் எழுந்திருக்க
இவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

கிலோ பதினெட்டு. நானூற்றுப் பதினாலு.
என் பையிலிருந்து எண்ணி நீட்டினேன்.
"உங்க காசு எனக்கு எதுக்கு?
என் இலைக்காசக் குடுங்க."

அதனால் எல்லார் முன்னாலும் தட்டினேன்:
கெங்கரை, சிவயோகம், இருபத்துமூன்று,
தேதி ஐந்து.
எண் 97 என்று வந்தது.
நீர்க்கழிவு போடவில்லை.
மேஸ்திரி பார்த்தார், இருமினார், டீ குடிக்கப் போனார்.

அன்று இரவு கூடுதலாக ஒரு கட்டம் வைத்தேன்:
ரத்து.
இனி எந்த வரியும் அழியாது.
தப்பானது தப்பானதாகவே தன் எண்ணைப் பிடித்துக்கொண்டு
அங்கேயே உட்கார்ந்திருக்கும்,
அடுத்தவர் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.
நெடுகுளா 60 ரத்து.
ஒரசோலை 118 ரத்து, அதுவும் என் தப்புதான்.
இப்படி ஓட்டை ஓட்டையாக இருந்தால்
ஆடிட்டர் என்ன சொல்வார் என்கிறார் முதலாளி.

பழைய சீட்டைக் கொடுத்துவிடுங்கள்,
97 என்று புதிதாக எழுதித் தருகிறேன் என்று கேட்டேன்.
சிவயோகம் புதியதை வாங்கிக்கொண்டாள்.
பழையதைத் தரவில்லை.
ரவிக்கைக்குள் எங்கோ மடித்து,
மழையில் பாதி அழிந்து,
இன்னும் 41.