மூன்றாவது கேள்வி

ஆனி மாதம் முழுக்க
காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
இனிப்பு அளக்கும் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பது என் வேலை.
ஒரு சொட்டுக் கூழ், ஓர் எண்.
நாக்கில் வைத்தால் எனக்கு
மாம்பழமும் மணலும் ஒன்றுதான்.

களியை மெல்லாதே, விழுங்கு என்பார்கள்.
உருண்டைக்கு ஒரு சொம்பு தண்ணீர் எனக்கு.
மாமியார் செத்த அன்று கண்ணில் சொட்டு இல்லை.
திம்மராயனின் அத்தைகள்
அதைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

நோயின் பெயர் தெரியவே நாலு வருஷம்.
என் உடம்பின் காவல்காரனே
என் ஈரத்தைத் திருடுகிறானாம்.
கண்ணுக்குச் சொட்டு மருந்து,
மூட்டுக்கு மாத்திரை.
மூன்றாவது இடத்தை யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
எந்தச் சொல்லால் சொல்வது?
பிரசவ வார்டில் ஆயா திட்டிய சொல் ஒன்று,
பாடப்புத்தகச் சொல் ஒன்று.
நடுவில் எனக்கென்று எதுவுமில்லை.

இரவில் முதுகுவலி என்றேன்.
மகள் முழித்திருக்கிறாள் என்றேன்.
அவன் போர்வெல் லாரிக்காரன்.
ஒருநாள் இருட்டில் சிரித்தபடி,
"தண்ணியில்லாத எடத்துல பாயிண்ட் போட்டுட்டேன்போல."
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
அழுதிருப்பேன்,
அதற்கும் சொட்டு மருந்து வேண்டும்.

அதனால் சொல்கிறேன்,
இந்த மாவட்டத்து நிலத்தோடு என்னை ஒப்பிடாதீர்கள்.
நிலம் மழைக்குக் காத்திருக்கும்.
நான் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
அறுபத்தேழாம் டோக்கனுக்குக் காத்திருந்தேன்.

டாக்டர் ஃபர்ஹானா
கண்ணைக் கேட்டார். நாக்கைக் கேட்டார்.
பேனாவை மூடப்போனவர் மூடாமல்,
"கீழே? எரியுதா? சேரும்போது வலிக்குதா?"
மணி என்ன என்பதுபோல.
தலையாட்டினேன்.
"ஆசை குறைஞ்சதா நெனைக்காதீங்க.
இதுவும் அதே நோய்தான்."

களிம்பு, பதினாலு இரவு தினமும்.
பிறகு வாரம் இரண்டு இரவு.
சேரும்முன் தண்ணீராலான ஜெல்.
வாசனை சோப்பு வேண்டாம்.
அவசரம் வேண்டாம்,
"இதை அவர்கிட்டயும் சொல்லுங்க."

ரவுண்டானா மருந்துக்கடையில்
பையன் உரக்கக் கேட்டான்,
"யாருக்குக்கா இது?"
"எனக்குத்தான்."
செய்தித்தாளில் சுற்ற எடுத்தான்.
அப்படியே கொடு என்றேன்.

பெட்டிக்குள் மடித்திருந்த தாளை
ட்யூப்லைட் அடியில் விரித்து
மோட்டார் வாரண்டி படிப்பதுபோல் படித்தான் திம்மராயன்,
விரல் வைத்து, வரி வரியாக.
பிறகு
"அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தான்.
முடிக்கவில்லை.
முடிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

காலண்டரில் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் புள்ளி.
விரதமா என்கிறாள் எதிர்வீட்டு முனிலட்சுமி.
ஆமாம் என்கிறேன்.

வலி முழுசாகப் போய்விடவில்லை.
நேற்று, பாதியில்,
கொஞ்சம் நில் என்றேன்.

நின்றான்.