இடது கால்

குத்தாயிசியில் ஏறினால் இத்தாலியின் பாரிக்குப்
பேருந்தில் மூன்று ராத்திரி.
என் கழுத்து தாங்காது.
ஒத்தாரின் கார்டுராய் கால்சட்டையில்
இடது காலை வெட்டிவிட்டேன்,
கேட்காமல்.

முழங்கால் தேய்ந்த இடம் கன்னத்துக்கு இதம்.
உள்ளே பழைய ஸ்வெட்டரின் நறுக்கல்.
பொத்தான் ஒன்றும் கூடவே போய்விட்டது,
அழுத்தினால் நெருடுகிறது,
பிரித்துத் தைக்க நேரமில்லை.
சட்டைக் கையில் கண்ணுக்கு ஒரு மறைப்பு;
அதன் எலாஸ்டிக் எதிலிருந்து வந்தது என்று
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

"கால்சட்டை எங்கே?" என்று வந்தவன்
மிச்சமிருந்த ஒற்றைக் காலை
இடுப்பில் வைத்துப் பார்த்தான்.
சண்டைக்குத் தயாராய்
ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
பெட்டிக்குக் கயிறு கட்டப் போய்விட்டான்.

சார்ப்பி எல்லையில் சுங்க அதிகாரி
தலையணையை இரண்டு தடவை பிசைந்தார்.
பொத்தான் தட்டுப்பட்டிருக்கும்.
"என்ன இது?"
"என் வீட்டுக்காரர் கால்."
எனக்குத் தெரிந்த துருக்கி அவ்வளவுதான்.

பாரியில், சின்யோராவைக் குளிப்பாட்டி முடித்த மதியம்
போனில் ஒரு படம்:
வெள்ளை நூலில் கோணித் தையல்,
ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் சப்பி.
சமையலறை நாற்காலியில்
எங்கும் புறப்படாமல்
வலது காலைக் கழுத்தில் மாட்டியபடி
ஒத்தார்.