காடை முட்டைகளுக்கு ஓர் அறை

யமந்து வரட்டுமா என்று நெலிதா கேட்கவில்லை.
பின்னறைத் திரைச்சீலையைக் கழற்றித் துவைத்து
கொடியில் போட்டிருந்தாள்.
ஆகஸ்ட் கடைசி. பைசாண்டூவில் ஆற்றுக் காற்றெல்லாம் ஈரம்.
காய மூன்று நாளாகும்.
அந்த மூன்று நாள் எனக்குத் தந்த அவகாசம் என்று
புரிந்துகொள்ள
இருபத்து நாலு வருடக் குடித்தனம் போதும்.

அந்த அறையில் இப்போது என் இன்குபேட்டர்.
அறுபத்து நான்கு காடை முட்டைகள்,
முப்பத்தேழரை டிகிரி,
இன்று ஏழாம் நாள், பதினேழில் பொரியும்.
பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு
கால அட்டவணை இல்லாமல் இருக்க வராது.

"உன் முட்டைகளுக்கு ஓர் அறை இருக்கிறது" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
உருளைக்கிழங்கின் தோலை மட்டும்
வழக்கத்தைவிடத் தடிமனாகச் சீவினாள்.

அவனுக்கு முப்பத்தாறு வயது.
மொண்டெவிடேயோவில் வேலை போயிற்று,
பிறகு வாடகை வீடு, பிறகு அந்தப் பெண்.
பெண்தான் முதலில் போனாளோ என்னவோ,
நெலிதா இரண்டு விதமாகவும் சொல்கிறாள்.
மார்ச் வரைக்கும்தான் என்கிறாள்.
எந்த மார்ச் என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.

பத்தொன்பது வயதில்
என் படகு மோட்டாரைக் கழற்றி விற்றவன்.
திருட்டென்று நான் யாரிடமும் சொல்லவில்லை,
கடன் என்றும் சொல்லவில்லை.
மூன்று கோடை அந்தப் படகு கரையில் கிடந்தது.
தவளைகள் குடியேறின.

அதற்கும் முன்னே, பதினான்கில், கை ஒடிந்தவனை
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது
படிவத்தில் 'உறவு' என்றொரு கட்டம்.
பேனா நின்றது.
பக்கத்திலேயே இருந்தான், பார்த்துக்கொண்டு.
'ஓட்டுநர்' என்று எழுதினேன்.
பொய்யில்லை, வண்டி நான்தான் ஓட்டினேன்.
அந்த வலியிலும் சிரித்துவிட்டான்.

கூடுதலாக ஒரு தட்டு எனக்குப் பெரிதில்லை.
நெலிதாவிடம் சொல்ல முடியாதது இது:
அவன் வந்தால் இருவரும் அடுக்களையில் உட்கார்வார்கள்.
மாத்தே குவளை அவள் கையிலிருந்து அவன் கைக்கும்
அவன் கையிலிருந்து அவள் கைக்கும் போகும்.
எனக்குத் தெரியாத ஒரு வீட்டைப் பற்றி,
எனக்கு முன்பே செத்துப்போன ஒரு நாயைப் பற்றிச் சிரிப்பார்கள்.
நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டு
வெந்நீர் ஊற்றி எனக்கும் ஒரு முறை நீட்டுவார்கள்,
மரியாதையாக.
அந்த மரியாதைதான்.

மூன்றாம் நாள் இரவு சாந்தா ரோசா புயல்.
திரைச்சீலை காயவே இல்லை.
மின்சாரம் போயிற்று.
இன்குபேட்டரைக் கம்பளியால் சுற்றி
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
வெப்பமானியைப் பார்க்கிறேன்:
முப்பத்தாறு. முப்பத்தைந்தரை.
செல்போன் அடித்தது. அவன். என் எண்ணுக்கு.
"அங்கே கரண்ட் இருக்கிறதா?"
இல்லை.
"முட்டைகள்?"
நெலிதா சொல்லியிருக்கிறாள், எல்லாம் சொல்வாள்.
"பாட்டிலில் வெந்நீர் ஊற்றி நாலு மூலையிலும் வை.
திறந்து திறந்து பார்க்காதே."
அடுப்பில் கேஸ் இருந்தது. வைத்தேன்.
வைத்து முடிக்கும்வரை அவன் போனை வைக்கவில்லை.

அவனுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் நடைமேடை எண் சொன்னது.
முப்பது வருடம் கேட்ட எதிரொலி, எனக்குத் தப்பாது.
"எங்கே நிற்கிறாய்?"
கொஞ்ச நேரம் மழைதான் பேசியது.
"பஸ் நிலையத்தில். இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை."

பதினொன்றே முக்காலுக்கு ஒன்று உண்டு என்றேன்.
இடப்பக்கம் உட்காராதே, அந்த வண்டிகளில் ஜன்னல் ஒழுகும்.
அறை கிடையாது, இன்னும் ஏழு நாள் உனக்கு சோபாதான்,
முட்டைகளை நகர்த்த மாட்டேன்.
அப்புறம் அந்த மோட்டாரைப் பற்றி
ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும்.

கடைசி வாக்கியம் அவனுக்குக் கேட்டதா,
அதற்குள் லைன் அறுந்துவிட்டதா, தெரியவில்லை.
முப்பத்தாறரை.
கூடத்தில் நெலிதா இருட்டிலேயே
சோபாவை உதறிக்கொண்டிருந்தாள்.