துருவர் பக்கம்

ஊர் என்ற கட்டத்தில்
மால்டா, சில்சார், அகர்தலா, மறுபடி மால்டா.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
எல்லோருக்கும் ஒரே சொல்: வைத்தியம்.
காந்தி ரோட்டுப் பின்சந்து லாட்ஜில் எனக்கு இரவுப் பணி.
பதினெட்டு அறை, ஒரு லிஃப்ட்,
அதுவும் இரண்டாம் மாடியில் நின்று யோசிக்கும்.

பன்னிரண்டுக்கு மேல் மணி அடிக்காவிட்டால்
கோணலாக விழுந்த ஆதார் நகல்களின் பின்பக்கத்தில்
துருவரை வரைவேன்.

துருவம் இல்லை, துரு.
'விண்முற்றுகை' முதல் பாகத்தில் ஐந்து குலங்களில் ஒன்று.
உடைந்த கப்பல்களைப் பொறுக்கி ஒட்டிப் பறக்கிறவர்கள்.
மெதுவாக நகர்வார்கள், வேவு பார்க்கத் தெரியாது.
ஆனால் அவர்கள் கப்பல் ஒன்றைச் சுட்டால்
உடைசலிலிருந்து இரண்டு சின்னக் கப்பல் கிளம்பும்.
அங்கேதான் விழுந்தேன், பதினாலு வயதில்,
சத்துவாச்சாரி பிரவுசிங் சென்டரில்,
மணிக்கு இருபது ரூபாய்.

மூன்றாம் பாகத்தில் அவர்களை எடுத்துவிட்டார்கள்.
போரில் தோற்கடித்திருந்தாலாவது பரவாயில்லை.
தொடக்கத் திரையில் ஒரு வரி:
துருவர் இப்போது இல்லை.
ரியாஸ் அன்றைக்கே ஒளிமுடிக்குப் போனான்.
தங்கக் கவசம், வேகப் படை, ஜெயிக்கிற பக்கம்.
எங்கள் வார்டில் யார் யாரோ கொடி மாற்றியிருக்கிறார்கள்,
ஒருவரையும் ஏன் என்று கேட்டதில்லை.
ரியாஸோடு மட்டும் ஐந்து மாதம் பேசவில்லை.
மேல்விஷாரத்தில் அவன் அக்கா கல்யாணப் பந்தியில்
எதிர் இலை எனக்கு வாய்த்ததால் சமாதானம்.

அதற்குப் பிறகு கம்பெனி வரையாததை நான் வரைந்தேன்.
தளபதி ஓர்னாவின் காலுக்கு
ஆம்பூர் ஷூ கம்பெனி கழித்துப் போட்ட அடித்தோல்.
கப்பலுக்குக் காட்பாடி யார்டில் நிற்கும் கூட்ஸ் பெட்டியின் சிவப்பு.
அவள் இறங்கும் கோளுக்குப் பாலாறு.
மணல் அள்ளிய பள்ளம், அதற்கு அப்பால் பள்ளம்,
பின்னால் வெந்து நிற்கும் மொட்டைப் பாறை.
கற்பனை தேவைப்படவில்லை.

இருநூற்று நாலுக்கு வந்தவன் சௌமிக்.
அம்மாவுக்கு ஈரலில் ஏதோ.
வெந்நீர் கேட்க இறங்கி வந்தவன் தாளைப் பார்த்துவிட்டான்.
"ஓர்னா!" என்றான்.
எனக்கு வங்காளம் வராது, அவனுக்குத் தமிழ் வராது,
இரண்டு பேருக்கும் இந்தி அரைகுறை.
அந்தப் பெயர் மட்டும் முழுசாக வந்தது.
பிறகு சட்டைக் காலரை விரித்துக் காட்டினான்:
கழுத்தோரம் பச்சை குத்திய ஐந்து முனைக் கிரீடம்.
ஒளிமுடி.
வெந்நீர் இல்லை என்றேன்.
இருந்தது.

ஆனாலும் தினம் வந்தான்.
ஒரு தாளில் நான் படை நிறுத்துவேன்,
அவன் பேனா அதைக் கொளுத்தும்.
எரிந்ததிலிருந்து இரண்டு இரண்டாகக் கிளப்புவேன்.
விடியும்போது தாளில் வெள்ளை இருக்காது.

ஆபரேஷன் நடந்த நாள் இரவு
சண்டை வேண்டாம் என்று கை காட்டினான்.
தனித்தாள் எடுத்து மூன்று மணி நேரம் வரைந்தான்.
துருவர் முடிந்துபோன நாள், அந்த ஒரு வரிக்குள் இருந்த நாள்.
ஓர்னாவின் கப்பல் எரிகிறது.
ஒளிமுடி வீரன் ஒருவன் தங்கக் கவசத்தைத் தரையில் வைத்துவிட்டு
அவள் வெளியேறட்டும் என்று
கதவைத் தோளால் தாங்கி நிற்கிறான்.

பதினோரு வருடமாக நான் வரைந்த எந்த ஓர்னாவும்
அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.
வயிறு எரிந்தது.
இரக்கப்பட நீங்கள் யார்?
அவன் மேலே போனதும் ரப்பர் எடுத்தேன்.
வீரனை அழித்தால் கதவு விழும், அவள் மேலேயே விழும்.
ரப்பரை டிராயரில் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் கணக்கு முடித்தான்.
அம்மா சக்கர நாற்காலியில், மடியில் எக்ஸ்ரே உறை.
கையெழுத்துக் கட்டத்தில் பெயர் எழுதவில்லை,
கிரீடம் போட்டான். ஐந்து முனையும் சுத்தமாக.
முதலாளி நாளைக்குத் திட்டுவார்.
கடைசி வரை பக்கம் மாறாதவன்,
அந்தப் புள்ளி எனக்குப் பிடித்தது.

அன்றிரவு ஒரு கிரீடம் வரைந்து பார்த்தேன்.
யாரும் பார்க்கவில்லை என்பதால்தான்.
நாலாவது முனை சாய்ந்தது,
அழித்துப் போட்டால் மூன்றாவது சாய்ந்தது.
மணி அடித்தது.
சில்சார்க்காரர், முந்நூற்று ஒன்று,
கொசுவர்த்தி வேண்டுமாம்.