பதினான்காம் கட்டம்

ஜனவரியில் ஒரு தாளை
நாற்பத்தொரு பள்ளிச் சுவர்களில் ஒட்டினோம்,
வெருலம், டொங்காட், அதற்கும் மேலே
என்ட்வெட்வே மலைமேடு வரை.
ஐந்து வரிகள். மூன்றாவது:
"புரியும்வரை நேரம் தருவோம்."
ஆங்கிலத்தில் ஒன்று, ஸூலுவில் ஒன்று.
தமிழில் எனக்கு மட்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
கோந்து தீர்ந்துபோனது. நான்தான் வாங்கி வந்தேன்.

என் வேலை படிவம்.
இந்த வட்டாரத்துப் பிள்ளை
அழுவதையும் தும்முவதையும் தவிர
எதைச் செய்தாலும் என் கட்டம் ஒன்றில் விழும்.

மே மாதம் தண்டசிலே தொலைபேசினாள்,
மலைமேட்டில் கணக்கு எடுப்பவள்.
"லுவாண்டிலேவுக்குப் பின்னம் இன்னும் வரவில்லை.
வந்துவிடும், வாசல்வரை வந்து நிற்கிறது.
பதினான்காம் கட்டத்தில் என்ன போட?"
இன்னும் இல்லை என்று போடுங்கள்.
"எண் கேட்கிறது."
காலியாக விடுங்கள்.
விசை தட்டும் ஓசை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது, மேடம்."

அன்று கரும்புக்காடு எரித்திருந்தார்கள்.
கருஞ்சாம்பல் சன்னல் வழியே வந்து
விசைப்பலகையில் உட்கார்ந்தது. ஊதினேன்.
பூஜ்யத்தின் மேல் இருந்தது மட்டும் போகவில்லை.

பிறகு ஒவ்வொரு கோப்பாகத் தட்டிப் பார்த்தேன்.
தட்டிய இடமெல்லாம் கரையான்.
வகுப்புக்கு வந்து பார்க்கும் அதிகாரியின் தாள்
எந்தப் பக்கம் நடக்கிறது என்று கேட்கிறது,
எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டது என்று கேட்பதில்லை.
ஆசிரியர் தேர்வுக்கான வினாத்தாள்
சத்தமில்லாத வகுப்புக்கு ஐந்து மதிப்பெண் தருகிறது.
யார் எழுதியது இதை என்று கடைசிப் பக்கம் திருப்பினேன்.
கோகிலம்பாள் மூட்லி.
நான்.

ஜூலையில் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தோம்:
பணப்பிரிவு, தேர்வுப்பிரிவு, சத்துணவு, பேருந்து.
முதல் ஒரு மணி நேரம் சமோசா நன்றாக இருந்தது.
இயக்குநர் ஒருங்கிணைப்பு என்ற சொல்லை
அறுந்துவிழப் போகும் பொத்தானைப் போலத் திருகிக்கொண்டிருந்தார்.
பூபாலன் கவெண்டர், மலைமேட்டுத் தடத்துக்காரர்,
தொப்பியைக் கழற்றாமல் கேட்டார்:
"ஒப்பந்தத்தில் ஏழாம் பிரிவு.
ரெண்டு பத்துக்குக் கிளம்பலேன்னா
நிமிஷத்துக்கு இவ்வளவு ராண்டுன்னு பிடிக்கிறீங்க.
அந்தப் பையன் படியில நின்னு
டீச்சர்கிட்ட என்னமோ கேட்டுட்டிருப்பான்.
நான் ஹாரன் அடிப்பேன்.
உங்க மூணாவது வரிய தினம் ரெண்டு பத்துக்கு
அழிக்கிறவன் நான்தான்.
அழிக்கக் கூலி கொடுக்கிறது நீங்க."

அதற்குப் பிறகு யாரும் சமோசாவைத் தொடவில்லை.

மற்றது கவிதைக்கு ஆகாது.
ஏழாம் பிரிவில் இரண்டு சொல் மாற நான்கு மாதம்.
தேர்வுப்பிரிவுக்குப் பதினொரு கடிதம்;
ஒன்பதாவது மின்வெட்டில் போய்விட்டது,
அதுதான் நன்றாக எழுதியிருந்தேன்.
கணினிப் பையன் யூசுஃப் ஒரு சனிக்கிழமை வந்து
"எழுத்து ஏற்காது ஆன்டி, மாகாணம் பூட்டி வைத்திருக்கிறது.
காலியைக் காலியாகவே இருக்கவிடலாம்,
அவ்வளவுதான் என்னால் முடியும்" என்றான்.
அவ்வளவுதான் கேட்டேன்.
என் வினாத்தாளை நானே அடித்தேன்;
ஐந்து மதிப்பெண்ணை எங்கே வைப்பது என்று
ஒரு வாரம் தெரியவில்லை.

நவம்பரில் மலைமேட்டுக்குப் போனேன்.
இரண்டு பத்து. கவெண்டர் எஞ்சினை அணைத்துவிட்டு
குதிரைப் பந்தயப் பக்கம் படித்துக்கொண்டிருந்தார்.
லுவாண்டிலே படியில் நின்றபடி
ஒரு ரொட்டியை எட்டாகப் பிய்த்துக்
கணக்குச் சொன்னான். ஏழு துண்டுதான் இருந்தது.
ஒன்றைத் தின்றிருந்தான்; அதையும் சேர்த்தே சொன்னான்.

பின் இருக்கையில் ஒரு சிறுமி
மடியில் வெறும் கேனை வைத்துக்கொண்டு
சன்னலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
கடைசி நிறுத்தத்தில் தண்ணீர் லாரி மூன்று மணிக்கு.
இந்தப் பத்து நிமிடம் அவளுடையது.

ஐந்து வரிகளில் அவள் இல்லை.
வெள்ளைத்தாள் ஒன்று மேசையில் கிடக்கிறது.
இன்னும் கட்டம் போடவில்லை.
அவள் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.