நாற்பது நொடி

ஃபைனல் அன்றைக்கு
சேலத்தில் பாதிப் பேர் சமைப்பதில்லை.
எட்டு மணிக்குள் எனக்குப் பதினோரு ஆர்டர்.
'உங்கள் டெலிவரி பார்ட்னர் மணவாளன்
அருகில் வந்துவிட்டார்' என்று
வீடு வீடாகச் சொல்லிவிட்டு
ஐந்து ரோடு சிக்னலில் நிற்கவைத்திருக்கிறது ஆப்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தெரு.
முதல் வீட்டில் கேபிள். அங்கே கத்தினார்கள்.
நாலு வீடு தள்ளி, நெட்டில் ஓடுகிற டிவி.
நான் ஸ்டாண்ட் போடும்போது அங்கே கத்தினார்கள்.
மூன்றாவது மாடியில் இன்னும் மந்தமான நெட்.
படியேறி நான் மூச்சு வாங்கும்போதும்
அங்கே பௌலர் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சிக்ஸர் சார்" என்றேன்,
வாய் சும்மா இராமல்.

தண்டபாணி சார் திரும்பிப் பார்க்க
அப்போதுதான் அடித்தான்.
ஆறிப்போன பிரியாணியை வாங்குவதுபோல
பையை வாங்கினார்.
நீல ஜெர்சி, தொப்பைமேல் யாருடைய எண்ணோ.
"உங்க வயசுப் பசங்களுக்கு
மேட்ச்சுன்னாலே ஆகறதில்லயே, ஏன்ப்பா?"

அவர் மகன் சோபாவில்தான் கிடந்தான்,
காதில் ஹெட்போன்.
எங்கோ ஒருவன் துப்பாக்கி விளையாட்டு ஆடுவதை
இமைக்காமல் பார்த்துக்கொண்டு.
அவனைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

சொல்லியிருக்கலாம்.
ஒரு ஓவர் நின்று பார்த்தால்
ஒரு ஆர்டர் போய்விடும் என்று.
என் அறையில் இருந்த பிரதாபன்
பந்துக்குப் பந்து பணம் வைத்து
பைக்கை விட்டான்,
அதிலிருந்து சிக்ஸர் என்றாலே எனக்கு
யாரோ கழற்றிக் கொடுக்கிற சாவி என்று.
பாலிடெக்னிக் முடிக்கும்வரை
நானே லெக் ஸ்பின் போட்டவன் சார்,
அந்த மணிக்கட்டுதான் இப்போது
ஆக்சிலேட்டரை முறுக்குகிறது என்று.

"ஓடிபி சார்" என்றேன்.
கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி,
"ஏழு... மூணு... இருப்பா..."
அதற்குள் ஒரு விக்கெட் விழுந்துவிட்டது.
அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

கடைசி ஆர்டர் கோரிமேடு தாண்டி, மலையடிவாரம்.
நாலு தட்டுவடை செட், ஒரு நொறுக்கல்.
காம்பவுண்டுக்குள் டியூப் லைட் வெளிச்சம்,
துணிக்கொடிதான் நெட்,
அதில் இன்னும் ஒரு பாவாடை காய்கிறது.
இரண்டு பெண்கள் ஷட்டில் ஆடுகிறார்கள்.
"அண்ணா, ஒரு நிமிஷம். கேம் பாயிண்ட்."

பையில் சட்னி ஊறுகிறது.
போன் அடுத்த ஆர்டருக்கு அடிக்கிறது.
ஏற்காட்டுக் காற்று இறகுப்பந்தை
ஒருமுறை டியூப் லைட் பக்கம் தள்ளி,
மனசு மாறி, திருப்பிக் கொடுத்தது.
பதினாலு அடி. பதினஞ்சு.
நான் எண்ணிக்கொண்டிருப்பதே
இருபதில்தான் தெரிந்தது.

கீழே ஊரில் பட்டாசு வெடித்தார்கள்.
கொஞ்ச நேரம் கழித்து
சூரமங்கலம் பக்கம் அதே பட்டாசு.

பந்து விழுந்தது. சண்டை.
"லைன்ல பட்டுச்சு!"
"எங்கடி பட்டுச்சு?"
இரண்டு பேரும் ஒரேயடியாய்த் திரும்பினார்கள்:
"அண்ணா, நீங்க பாத்தீங்கள்ல?"

லைன் என்பது மண்ணில் குச்சியால் கிழித்தது,
பாதி அழிந்திருந்தது.

"பட்டுச்சு" என்றேன்.

குட்டையானவள் குதித்தாள்.
மற்றவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு
ஓடிபியைச் சொல்லவேயில்லை வெகுநேரம்.